மணி நிற்கக் கூடாது

அவருடைய முகம் எனக்கு அவ்வளவாக நினைவில்லை. மூக்கு கொஞ்சம் பெரியது, இடது புருவத்தில் ஒரு தழும்பு, அவ்வளவுதான் வருகிறது. ஆனால் முதுகை வரையச் சொன்னால் இன்றைக்கும் வரைந்துவிடுவேன், எனக்குப் படம் போட வராது என்றாலும். காக்கிச் சட்டை. காலருக்குக் கீழே வியர்வை காய்ந்து உப்புப் பூத்த வெள்ளைக் கோடு. வலது தோள் இடதைவிட ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். சைக்கிள் கேரியரில் சுருட்டிக் கட்டிய ஜமுக்காளம், அதன்மேல் தூக்குவாளி. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் காட்டையும் கண்மாயையும் குன்றையும் நான் அந்த முதுகுக்குப் பின்னால் இருந்துதான் பார்த்தேன். பார்த்தேன் என்பதுகூடச் சரியில்லை. பயந்தேன்.

அவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். நான் கணக்கு. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. விடுமுறை வந்தால் மற்ற வாத்தியார்கள் மாமனார் வீட்டுக்குப் போவார்கள். இவர் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு எங்காவது மலைக்கோ குகைக்கோ போவார். இரண்டு மூன்று நாள் கழித்துக் கறுத்துப்போய் வந்து நிற்பார். ஒருமுறை என்னிடம், "கணக்கு சார், குடுமியான்மலைக்குப் போறேன். வாரீங்களா?" என்று கேட்டார். வரவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் வருகிறேன் என்றேன். என் வாழ்க்கையில் பாதிக் காரியம் இப்படி நடந்ததுதான்.

என் மனைவிக்கு என்னைத் தெரியும். மாட்டுத்தொழுவத்தில் எலி ஓடினாலே விளக்கைக் கேட்கிற ஆள் நான். "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிறீங்க. அப்பறம் குத்துதே கொடையுதேன்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்றாள். சொல்லிவிட்டுப் புளிச்சோறும் கட்டிக் கொடுத்தாள்.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் என் செயின் கழன்றுவிட்டது. சத்தம் போட்டேன். முன்னால் போன மாஸ்டர் பிரேக் பிடித்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். திரும்பவில்லை. குடுமியான்மலைப் பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன். செயின் கழண்டுருச்சு."

"சரி. மாட்டிட்டு வாங்க."

நான் கரியும் மசகுமாகப் போராடிக்கொண்டிருக்க, அந்த மனுஷன் தலையை ஒரு அங்குலம் அசைக்கவில்லை. திமிர் என்று நினைத்தேன். திட்டுவதற்கு வாய் வரை வார்த்தை வந்தது. வெயில் ஏறியிருந்தது, சுற்றிலும் உடைமரமும் பொட்டலும். அவரை விட்டால் ஆள் கிடையாது என்பதால் வார்த்தையை விழுங்கிக்கொண்டேன்.

பிறகுதான் கவனித்தேன். வீட்டு வாசற்படியை விட்டு இறங்கினால், திரும்ப வீடு வந்து சேரும்வரை, அவர் பின்னால் பார்க்க மாட்டார். வகுப்பில் அப்படி இல்லை. கரும்பலகையில் எழுதும்போது பின்னால் எவனாவது குசுகுசுத்தால் சட்டென்று திரும்பிச் சாக்குக்கட்டியை விட்டெறிவார், குறி தப்பாது. வழியில் மட்டும்தான் இந்த விரதம். போன வழியே திரும்பி வரவும் மாட்டார். போவது ஒரு வழி, வருவது ஒரு வழி. நார்த்தாமலைக்கு நேர்ப் பாதையில் போவார், வரும்போது காட்டைச் சுற்றி, எந்த ஊர் என்றே தெரியாத ஊர்கள் வழியாக வருவார். கேட்டால், "வந்த வழியே திரும்புறவன் பாதி ஊரைத்தான் பாத்தவன், சார்" என்று ஒரு பழமொழி மாதிரிச் சொல்வார். அது பழமொழி இல்லை, அவரே செய்துகொண்டது.

டீக்கடையில் துண்டை விட்டுவிட்டு வருவார். கடைக்காரர் பின்னாலிருந்து, "துண்டு, துண்டு!" என்று கத்துவார். இவர் காதில் விழாதவர் போல மிதித்துக்கொண்டே போவார். நான்தான் திரும்பிப் போய் வாங்கி வர வேண்டும். கொடும்பாளூரில் மூவர் கோயிலை ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து வரைந்தார். புறப்படும்போது படத்தை அங்கேயே ஒரு கல்லுக்கடியில் வைத்து மறந்துவிட்டார். எடுத்து வந்து கொடுத்தேன். நன்றி சொன்னார், முன்னால் பார்த்தபடியே. அவருடைய பின்பக்கத்துக்கு நான் காரியஸ்தனாகிவிட்டேன்.

இதெல்லாம் சிரிப்பதற்குத் தோதான விஷயம். மனைவியிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறோம். அந்தக் கண்மாய் சமாச்சாரத்துக்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் போயிருந்தோம். பெரிய கண்மாய் ஒன்று, கரை வளைந்து வளைந்து போய்க் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் முடிகிறது. கரைமேல் போய்க்கொண்டிருந்தோம். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. என் பின்சக்கரம் பட்டென்று வெடித்தது. நான் கத்தினேன். எதிர்காற்று, அவருக்குக் கேட்கவில்லை. முதுகு சின்னதாகிக்கொண்டே போய், வளைவில் மறைந்துவிட்டது.

ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் காரைப் புதர். எங்கோ நரி ஊளையிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இருட்டுவதற்கு முன்பே எனக்குப் பேய்கள் வரத் தொடங்கிவிட்டன. ஒவ்வொரு பனைமரமும் ஒரு ஆளாக நின்றது. அவர் திரும்பிப் பார்க்க மாட்டார், நான் இல்லை என்பதே அவருக்குத் தெரியப்போவதில்லை, விடிகிற வரை இங்கேதான் என்று நினைத்தேன். மனைவி பெயரை வாய்விட்டுச் சொன்னேன், வெட்கமில்லாமல்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால், மிக அருகில், ஒரு குரல் கேட்டது.

"இருக்கீங்களா?"

நான் போட்ட கூப்பாட்டில் கண்மாயிலிருந்த நாரையெல்லாம் கிளம்பின. பார்த்தால் மாஸ்டர். நான் வரவில்லை என்று எப்போது தெரிந்ததோ, அப்போதும் திரும்பாமல், அவ்வளவு பெரிய கண்மாயை முழுக்கச் சுற்றி, வயலிலும் வாய்க்காலிலும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்து, எனக்குப் பின்பக்கமாக வந்து சேர்ந்திருக்கிறார். முழங்கால் வரை சேறு. நான் எதிரே நிற்கும்போதே மறுபடியும், "இருக்கீங்களா?" என்று கேட்டார். நான் பயந்தாங்கொள்ளி, எனக்குப் பயத்தைப் பார்த்தால் தெரியும். அவருடைய பயம் என்னுடையதைவிடப் பெரியதாக இருந்தது.

"இனிமே மணி அடிச்சுக்கிட்டே வாங்க, சார். மணி கேக்குற வரைக்கும் நீங்க இருக்கீங்கன்னு போய்க்கிட்டே இருப்பேன். மணி நின்னா நானும் நின்னுருவேன்" என்றார்.

"நின்னு? திரும்பிப் பாப்பீங்களா?"

அவர் என் டியூபை ஒட்டுவதற்குத் தீப்பெட்டி வெளிச்சம் பிடித்தார்.

அன்றிலிருந்து நான் மணி அடித்தேன். மேட்டில் அடித்தேன், பள்ளத்தில் அடித்தேன், கட்டைவிரல் காய்த்துப்போனது. மணி கொஞ்சம் தாமதித்தால் முன்னால் அந்தத் தோள்கள் விறைப்பதைப் பார்ப்பேன். சண்டைக் காலம் அது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன பிள்ளைகளிடமிருந்து தகவல் இல்லாமல் இருந்த ஊர்கள். என் மணிச் சத்தம் கேட்டுப் பெண்கள் ஈரக் கையோடு வாசலுக்கு ஓடி வருவார்கள். "தபாலுங்களா?" இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. தலையை ஆட்டிவிட்டு, அடித்துக்கொண்டே போவேன்.

ஏன் இந்த இழவு, நான் முன்னால் போகிறேன், நீர் பின்னால் வாரும் என்று ஒருநாள் இடம் மாற்றிப் பார்த்தோம். முதல் ஊரிலேயே ஒரு செவலை நாய் என்னை நோக்கி வந்தது. நான் சைக்கிளைத் திருப்பி மாஸ்டரை நோக்கி வந்தேன். நாய்க்கு ஒன்றும் அவசரமில்லை, நின்றுவிட்டது. ஆனால் நான் திரும்புவதைக் கண்ட மாஸ்டர் போட்ட சத்தம் இருக்கிறதே, "திரும்பாதீங்க! திரும்பாதீங்க!" என்று, அதற்குத்தான் நான் நாயைவிட அதிகம் பயந்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். மறுபடி அவர் முன்னால், நான் பின்னால்.

காரணத்தை அவருடைய அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். புருஷனை இழந்தவர், தம்பியோடு இருந்தார். ஒருநாள் காலையில் மாஸ்டர் குளித்துக்கொண்டிருக்க, நான் கூடத்தில் காத்திருந்தேன். அக்கா அவலும் வெல்லமும் பொட்டலம் கட்டிக்கொண்டே பேசினார்.

"எங்க அப்பாவுக்கு இவன்தான் கொள்ளி வச்சான், தம்பி. பால்பல்லு விழுகாத வயசு. கொள்ளி வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வான்னு சொல்லித்தான் கூட்டியாந்தாக. சின்னப் பயதானே, அப்பா எந்திரிச்சு வாராகளான்னு திரும்பிப் பாத்துப்புட்டான்."

கொல்லையில் மாஸ்டர் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது.

"அடுத்த மாசமே வாந்திபேதியில ஆத்தாவும் போயிருச்சு. இழவு வீட்டுல எங்க சின்னம்மா ஒருத்தி, 'அன்னைக்கு இந்தப் பய திரும்பிப் பாத்தான், அதான் அவளையும் கூப்புட்டுக்கிட்டாரு'ன்னு சொல்லிப்புட்டா. அவ சொல்லிட்டு, சோறு தின்னுட்டு, அவ ஊருக்குப் போயிட்டா. இவன் அதைப் புடிச்சுக்கிட்டான்." அக்கா முடிச்சை இறுக்கினார். "நான் அவனைப் பின்னால கூப்புடறதே இல்லை. நீங்களும் கூப்புடாதீங்க. மணி மட்டும் அடிங்க. ராத்திரி தூக்கத்துலகூட 'மணி கேக்குது, மணி கேக்குது'ங்கிறான்."

அதைக் கேட்டபின் எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. பயம் போகவில்லை, கூடிவிட்டது. அதுவரை அவர் திரும்பிப் பார்க்க மாட்டார் என்று பயந்தேன். இப்போது அவரைத் திரும்பிப் பார்க்க வைத்துவிடுவேனோ என்றும் பயந்தேன். இருந்தும் ஏன் போகிறீர்கள் என்று என் மனைவி கேட்டாள். நான் போகாவிட்டால் அவர் தனியாகப் போவார். பின்னால் மணி இருக்காது.

ஜெகதாப்பட்டினத்துக்குப் போய்க் கடல் பார்த்தோம். ஐப்பசி மாதம், போகிற காலமா அது! டயர் கிடைக்காத நாள். என் முன் டயருக்குள் வைக்கோல்தான் திணித்திருந்தது. கடற்கரையில் மீன் காயும் வாடையில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கத் தோணிகளை வரைந்தார். திரும்பும்போது வானம் மூடிக்கொண்டது. போகும்போது வெள்ளாற்றைப் பாலத்தில் தாண்டினோம். அதனாலேயே வரும்போது பாலம் கிடையாது. வேறொரு துறையில் இறங்கித்தான் கடக்க வேண்டும்.

ஆற்றங்கரையில் ஒரு அம்மாள் ஆடுகளை மேட்டுக்கு விரட்டிக்கொண்டிருந்தார்.

"எறங்காதீங்க சாமி. மேக்க நல்ல மழை. தண்ணி செவந்து வருது பாருங்க. அங்கிட்டுப் பாலத்துக்குப் போயிருங்க."

தண்ணீரில் வைக்கோலும் சாணி நுரையும் மிதந்து வந்தன. நான் மாஸ்டரைப் பார்த்தேன், அதாவது அவர் முதுகைப் பார்த்தேன்.

"இடுப்புக்கு மேல இருக்காது, சார். நான் மொதல்ல போறேன். மணி அடிச்சுக்கிட்டே வாங்க" என்றார். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

நானும் இறங்கினேன். சைக்கிள் தோளில், கட்டைவிரல் மணியில், வாயில் எல்லாச் சாமி பெயரும். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, கால் அடியில் மணல் ஓடியது. அவர் அந்தப் பக்கம் கரையேறுவதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே வைத்த அடியில் தரை இல்லை.

தலைக்கு மேல் தண்ணீர். சைக்கிளை ஆறு பிடுங்கிக்கொண்டது. கை எதையோ பற்றியது, ஆற்று நடுவே திட்டில் முளைத்த நாணல். அதைப் பிடித்துத் தலையை வெளியே நீட்டினேன். வாயெல்லாம் செம்மண் தண்ணீர், சத்தம் வரவில்லை. நாணல் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருந்தது. செத்துப்போவேன் என்று முதல்முதலாகச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

மணி நின்றுவிட்டது. கரையில் அவர் முதுகு அப்படியே நின்றது.

"இருக்கீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். தண்ணீர்தான் வந்தது.

"கணக்கு சார், இருக்கீங்களா?"

அடுத்த முறை கேட்டது கேள்வி இல்லை, அழுகை. நாங்கள் இறங்கிய கரையில் நின்ற அந்த அம்மாள், "ஆளு போகுதே, திரும்பிப் பாருய்யா, பாவி, திரும்பிப் பாரு!" என்று அலறினார். அவர் கழுத்து நடுங்குவதை நான் பார்த்தேன். திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். திரும்பட்டும் என்று வேண்டினேன், வேண்டாம் என்றும் வேண்டினேன். எது என்னைக் கொல்லும் என்று எனக்கே தெரியவில்லை, அவருடைய சின்னம்மாவின் வார்த்தை அந்த நேரத்தில் எனக்கும் தொற்றிக்கொண்டது.

அவர் சைக்கிளைக் கீழே போட்டார். வலது காலை எடுத்துப் பின்னால் வைத்தார். அப்புறம் இடது கால். முன்னால் கரையைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே, பெருகி வருகிற ஆற்றுக்குள் இறங்கினார். குதிகாலால் தடவித் தடவி ஒவ்வொரு அடியாக வைத்தார். தண்ணீர் இடுப்புக்கு வந்து, நெஞ்சுக்கு வந்தது. கை பின்னால் நீண்டிருந்தது, விரல்கள் விரிந்து விரிந்து மூடின. எனக்கு ஆற்றைவிட அவரைக் கண்டுதான் அப்போது பயம். ஒரு கல் இடறினால் மல்லாக்கப் போய்விடுவார்.

"பேசாட்டிப் பரவாயில்லை, சார். கையை மட்டும் புடிங்க. கையை மட்டும்."

கடைசி நாணல் அறுவதற்கும் நான் அந்தக் கையைப் பிடிப்பதற்கும் சரியாக இருந்தது. அவர் நேராக நடந்தார். நான் அவர் பின்னால் மூட்டையாக இழுபட்டுப் போனேன்.

கரையில் குப்புறக் கிடந்து ஆற்றையெல்லாம் வாந்தியெடுத்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டியே நின்றார். எழுந்து சுற்றிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "திரும்பித் தொலைச்சா என்னய்யா? நீங்க பாத்தா நான் செத்தா போயிருவேன்?"

"தெரியலையே, சார்" என்றார். "தெரியாமத்தான் திரும்பலை."

அவரைக் கட்டிக்கொண்டேன். அதற்கு முன்போ பின்போ ஒரு ஆண்பிள்ளையை நான் கட்டிக்கொண்டதில்லை.

சைக்கிள் கொஞ்ச தூரத்தில் ஒரு கருவேலமரத்தில் சிக்கியிருந்தது. வெள்ளம் வடிந்ததும் அந்த அம்மாளின் ஆட்கள் எடுத்துக் கொடுத்தார்கள். மணிக்குள் மணல் புகுந்து, அதற்குப் பிறகு அதன் சத்தம் கட்டைக் குரலாகிவிட்டது. மாற்றிவிடலாம் என்றேன். "வேண்டாம். இது நீங்கதான்னு எனக்குத் தெரியும்" என்றார்.

சண்டை முடிவதற்குள் அவருக்குப் பட்டாளத்தில் வரைபடம் போடுகிற வேலை கிடைத்து, வடக்கே எங்கோ போனார். அங்கிருந்து அவர் வரவில்லை. என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது, அக்கா சாகும்வரை அவருக்கும் தெரியவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்குத் தைரியம் இருக்காது.

அக்கா ஸ்டேஷனுக்கு வரவில்லை. நான் மட்டும் போனேன். எஞ்சினைப் பார்த்த பக்கமாக ஜன்னலோரம் உட்கார்ந்தார். வண்டி கிளம்பும்வரை நான் அவர் எதிரே நின்று பேசிக்கொண்டிருந்தேன். அங்கே பெரிய பெரிய மலையெல்லாம் இருக்குமாம், சைக்கிள் கிடைத்தால் சுற்றுவாராம். வண்டி நகர்ந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன், அதனால் அவருக்குப் பின்னால் போய்விட்டேன்.

ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. பின்னால் நீண்டது. விரல்கள் விரிந்து விரிந்து மூடின.

"கணக்கு சார்! இருக்கீங்களா?"

"இருக்கேன்!" என்று கத்தினேன். அதே நேரத்தில் எஞ்சின் ஊதியது. கை அப்படியே நின்றது.

அவருக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தவுடன் வெளியே ஓடினேன். வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த சைக்கிளை எடுத்து, தண்டவாளத்தை ஒட்டிய வண்டிப் பாதையில் மிதித்தேன், மணியை அடித்துக்கொண்டே. அந்தக் கட்டைக் குரல் மணி. வேட்டி செயினில் சிக்கிக் கிழிந்தது. அடித்தேன். கடைசிப் பெட்டியை எட்டினேன், அடுத்த பெட்டிக்கு வந்தேன். முன்னால் அந்தக் கையின் விரல்கள் ஒரு நிமிஷம் அசையாமல் நின்றன. பிறகு மெதுவாக மூடி, கை உள்ளே போனது.

வண்டி என்னை விட்டு முன்னால் போய்விட்டது. பாதை ஒரு கண்மாய்க் கரையில் முடிந்தது. இறங்கி நின்று அடித்தேன். ரயில் மறைந்தது, புகை கலைந்தது. மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "யாருக்குங்க அடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

இனி நிறுத்தலாம்தான். இவ்வளவு தூரத்துக்குக் கேட்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் மணி நின்றால் அவர் என்ன நினைத்துக்கொள்வார் என்பதும் தெரியும். கட்டைவிரலை எடுக்கப் பயமாக இருந்தது. அடித்துக்கொண்டே நின்றேன்.